அம்மை நோயும் அன்னை வழிபாடும்

பாலக்காட்டின் கிழக்கெல்லையில், பொள்ளாச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் மீனாட்சிபுரம். அன்னையின் திருப்பெயர் தாங்கிய இவ்வூரைக் கொண்ட சித்தூர் வட்டம் 1949 வரை கொச்சி அரசுக்கு உரியதாக இருந்தது. 1956 முதல் கேரளத்தில் அடங்குகிறது. ஆட்சிகள் மாறினும், இவ்வெல்லையில் வாழும் தமிழ் மக்களின் மாரியம்மன் வழிபாடு மாறவில்லை. அவ்வழிபாட்டோடு ஒட்டி வளர்ந்த ஓர் அச்சத்தின் வரலாற்றையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

பெரியம்மை கண்டால் "அம்மன் வந்திருக்கிறாள்" என்பது தமிழ் வழக்கு. மலையாள நாட்டார் அதனை வசூரி என அழைத்துப் பகவதியின் சீற்றமாகக் கருதினர். மருந்து கொடுப்பது தெய்வக் குற்றம் என்று இரு சாராரும் அஞ்சினர்.

முன்னோர் செய்தன யாவும் மடமை என்று நாம் கூறவில்லை. வீட்டு வாயிலில் வேப்பிலை செருகி, அயலார் வருகையைத் தடுத்து, நோயாளியைத் தனியே கிடத்தினர். தொற்று பரவாமல் காக்கும் நல்லறிவு அதனுள் இருந்தது. நோயின் காரணத்தைப் பிறழக் கொண்டு, காக்கும் வழியை மறுத்ததே பிழை.

1796இல் ஜென்னர் கண்ட அம்மைப்பால் 1802இல் பம்பாயில் ஒரு சிறுமிக்கு முதன்முதலாக இடப்பட்டது. அந்நாளில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு அம்மைப்பாலை எடுத்துக் குத்துவர். ஆகவே தெய்வ அச்சத்தோடு சாதி அச்சமும் சேர்ந்து தடை செய்தது. திருவிதாங்கூரில் அரசி கௌரி லட்சுமிபாய் 1813இல் அம்மை குத்துதலைத் தொடங்கி, மக்களின் ஐயம் அகலுமாறு அரச குடும்பத்தாருக்கே முதலில் குத்துவித்தார். 1879இல் அரசு ஊழியர், மாணவர், சிறையாளர் ஆகியோருக்கு அங்கு அது கட்டாயமாயிற்று. அடுத்த நூறாண்டுக்குள் நோயே அற்றது. 1975 மே மாதம் இந்தியாவின் இறுதி நோயாளி அசாமில் கண்டறியப்பட்டார். உலகில் பெரியம்மை ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது.

அம்மை குத்தியதால் அன்னை சினந்தாளா? இல்லை. நோய் மறைந்தது, கோயில் நிலைத்தது. மாவிளக்கும் கூழும் பூச்சொரிதலும் இன்றும் குறைவின்றி நடைபெறுகின்றன. கேள்வியால் பக்தி ஒன்றையும் இழக்கவில்லை. கேளாமையால் நம் மக்கள் எண்ணற்ற குழந்தைகளை இழந்தனர்.

இவ்வரலாறு பழங்கதை அன்று. தட்டம்மை கண்ட குழந்தையை மருத்துவரிடம் காட்டாமல் மூன்று தண்ணீர் ஊற்றும் நாளுக்குக் காத்திருக்கும் இல்லங்கள் இன்னும் உள்ளன. பெரியம்மை போலன்றித் தட்டம்மை இன்னும் ஒழியவில்லை. அது நுரையீரலைத் தாக்கி உயிர் கவரும், கண்ணொளியையும் பறிக்கும். அதைத் தடுக்கும் ஊசியோ அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கின்றது.

வேப்பிலை வாயிலில் இருக்கட்டும். விளக்கு சந்நிதியில் எரியட்டும். குழந்தையை மட்டும் காலத்தே மருத்துவரிடம் கொண்டு செல்வோம். பிள்ளை பிழைப்பதைக் கண்டு சினக்கும் தாய் எவ்வுலகிலும் இல்லை.