செயற்றிட்ட முகாமைத்துவ அலுவலகம்: கோப்பு யார் பொறுப்பில்?

“தம்பி, ஒப்பிஸ் பூட்டிக் கிடக்குது. மிச்சக் காசை ஆரிட்டப் போய்க் கேக்கிறது?” வன்னியில் வீட்டுத்திட்டமொன்றில் பணியாற்றிய காலத்தில் ஒரு அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. சுவர் எழுந்திருந்தது, கூரை இல்லை. செயற்றிட்டம் முடிந்து, அதன் அலகும் கலைக்கப்பட்டுவிட்டது.

எங்கள் மக்களுக்கு அதிகம் பழக்கமானது செயற்றிட்ட முகாமைத்துவ அலகு. கடன் அல்லது நன்கொடை கிடைத்ததும் அமைச்சின் கீழோ மாகாண சபையின் கீழோ அது அமைக்கப்படும். பணிப்பாளர், கணக்காளர், பொறியியலாளர், கொள்முதல் அலுவலர், கண்காணிப்பு அலுவலர் என ஆளணி இருக்கும். அரச அலகானால் அந்த ஆளணிக்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். செயற்றிட்டம் முடிந்தால் அலகும் முடிந்தது.

செயற்றிட்ட முகாமைத்துவ அலுவலகம் வேறு. அது நிறுவனத்துக்குள் நிரந்தரமாக இருப்பது. ஒரு திட்டத்தை மட்டுமன்றி, நிறுவனத்தின் எல்லாத் திட்டங்களையும் ஒரே கண்ணால் பார்ப்பது. அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட செயற்றிட்ட முகாமைத்துவ நிறுவனத்தின் வழிகாட்டி நூல் இதனை முன்னைய பதிப்புகளில் மூன்றாக வகுத்திருந்தது: படிவங்களும் ஆலோசனையும் கொடுத்து உதவுவது, நடைமுறைகளைப் பின்பற்றுமாறு கட்டுப்படுத்துவது, திட்டங்களைத் தானே நேரடியாக நடத்துவது. எங்கள் பகுதிச் சிறு நிறுவனங்களுக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் எண்ணம். வெறும் ஆலோசனையை அவசர வேலைக்குள் எவரும் கேட்பதில்லை. மூன்றாவதற்கு ஆட்பலம் போதாது.

பின்னர் நான் சேர்ந்த தொண்டு நிறுவனம் இப்படியோர் அலுவலகத்தைத் தொடங்கியபோது தலைகீழாகத்தான் தொடங்கினோம். முதலில் மேசை வந்தது, பிறகு கணினி மென்பொருள், பிறகு பெயர்ப்பலகை. ஆறு மாதம் யாரும் எங்களுக்கு அறிக்கை தரவில்லை. தரவேண்டும் என்று யாரும் எழுத்தில் சொல்லியிருக்கவில்லை என்பதே காரணம்.

முதலில் தேவைப்படுவது நிறுவனத் தலைமையின் கையொப்பமிட்ட ஆணை. அலுவலகம் யாருக்குப் பதில் சொல்லும், எதை நிறுத்த அதற்கு அதிகாரம் உண்டு என்பவை அதில் இருக்கவேண்டும். கணக்குப் பிரிவின் கீழோ ஒரு திட்ட முகாமையாளரின் கீழோ வைத்தால் அது வாய் திறக்காது. அடுத்தது, நடைபெறும் எல்லாத் திட்டங்களினதும் ஒரே பதிவேடு. அதைத் தயாரித்த வாரத்தில்தான், ஒரே கிராமத்தில் எங்கள் நான்கு திட்டங்கள் ஓடுவதையும், ஒரு குடும்பம் மூன்று பட்டியலில் இருக்க, பக்கத்துக் காணியில் தனித்து வாழும் விதவைப் பெண் எதிலும் இல்லாததையும் கண்டோம். மென்பொருள் இதைக் காட்டவில்லை. பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடும்ப அட்டை இலக்கத்தை ஒப்பிட்டதுதான் காட்டியது.

ஒரே நடைமுறை ஏன் தேவை என்பதற்கு இந்திய வீட்டுத்திட்டம் நல்ல உதாரணம். 50,000 வீடுகளில் 46,000 வடக்கு, கிழக்குக்கு ஒதுக்கப்பட்டன. 2012 ஒக்டோபரில் தொடங்கிய கட்டத்தில் ஐ.நா. ஹபிடாட், செஞ்சிலுவை, தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை எனப் பல அமைப்புகள் வேலை செய்தன. ஆனாலும் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா என்பதும், வேலை முன்னேற முன்னேறக் கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்கில் பணம் விழும் என்பதும் பொது விதி. அந்தத் தொகை போதாமல் கடன்பட்டவர்கள் பலர், அது வேறு கதை. ஆனால் தனக்கு வரவேண்டியது எவ்வளவு, எப்போது என்பதைப் பயனாளி அறிந்திருந்தார்.

ஆணையில் பலர் எழுத மறப்பது ஒப்படைப்பு. திட்டம் முடிந்தால் கோப்புகள் எங்கே போகும், பயனாளியின் முறைப்பாட்டை யார் ஏற்பார், எத்தனை ஆண்டு வைத்திருப்பர் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதவேண்டும். கடைசி மாதத்தில் எழுத ஆள் இருக்கமாட்டார்; வாகனமும் போயிருக்கும்.

அந்த அம்மாவின் கோப்பைப் பிறகு ஒரு களஞ்சிய அறையில், மழைநீர் பட்ட அட்டைப்பெட்டிக்குள் கண்டெடுத்தோம். இறுதித் தவணைக்கான அளவீட்டுப் படிவத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கையொப்பம் இருந்தது. திகதி இடப்படவில்லை. அதனால் கணக்குப் பிரிவு அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறது, திருத்தி வாங்கும்படி யாருக்கும் சொல்லப்படவில்லை.