கொமெடாவைச் சினிமா விழுங்கியதா?

கொமெடா ஹாலிவுட்டுக்குப் போன கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்கு முன்னால் ஒரு பழைய வழக்கைத் தீர்த்தாக வேண்டியிருக்கிறது. போலந்து ஜாஸைப் பற்றி எழுதுகிறவர்களில் ஒரு சாரார், கிஷிஷ்டோஃப் கொமெடா அருமையான ஜாஸ் கலைஞர், சினிமாதான் அவரை விழுங்கிவிட்டது என்று அங்கலாய்ப்பார்கள். எனக்கு விஷயம் நேர்மாறாகத் தெரிகிறது. படங்களுக்கு எழுதி எழுதித்தான் அவர் தனக்கென்று ஒரு ஜாஸைக் கண்டடைந்தார். 1965 டிசம்பரில் வார்சாவில் பதிவான 'அஸ்டிக்மாடிக்' இசைத்தட்டு அதற்குச் சாட்சி.

பகலில் காது மூக்கு தொண்டை டாக்டர் ட்ஷ்சின்ஸ்கி, இரவில் பியானோ முன் கொமெடா என்ற இரட்டை வாழ்க்கையையும், 1956 ஸோபாட் ஜாஸ் விழாவில் அவர் வாசித்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த விழா முடிந்து இரண்டே ஆண்டில், மாணவராக இருந்த ரோமன் போலன்ஸ்கி எடுத்த ஒரு குறும்படம் அவர் கைக்கு வந்தது. கடலுக்குள்ளிருந்து இரண்டு ஆட்கள் ஒரு பெரிய அலமாரியைத் தூக்கிக்கொண்டு கரையேறுகிறார்கள். ஊரில் அவர்களை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. வசனமே கிடையாது. அந்த மௌனத்தில் இசை ஒரு சுரம் கூடுதலாகப் பேசினாலும் படம் கெட்டுவிடும். நான்கு ஆண்டு கழித்து வந்த 'தண்ணீரில் கத்தி'யில் பாடம் இன்னும் கடுமையானது. ஒரு பாய்மரப் படகு, கணவன், மனைவி, வழியில் ஏற்றிக்கொண்ட ஓர் இளைஞன். ஸ்வீடன்காரர் பெர்ன்ட் ரோசன்கிரென் வாசிக்கும் சாக்ஸபோன், மூவரும் வாய்விட்டுச் சொல்லாத பகையையும் ஆசையையும் சொல்கிறது, சொன்னதும் ஒதுங்கிக்கொள்கிறது. சின்னஞ்சிறு மெட்டு, அதைச் சுற்றிலும் நிறைய வெற்றிடம் என்ற கட்டுப்பாட்டை இரவு விடுதி எதுவும் அவருக்குக் கற்றுத்தந்திருக்க முடியாது.

இப்போது 'அஸ்டிக்மாடிக்' தட்டைக் கையில் எடுங்கள். முதல் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, இருபது நிமிடத்துக்கும் மேல். மறுபக்கத்தில் இரண்டு. அவற்றில் ஒன்றான 'கட்டோர்னா' எங்கிருந்து வந்தது? ஹென்னிங் கார்ல்சன் என்ற டேனிஷ் இயக்குநரின் படத்துக்காக எழுதப்பட்ட மெட்டு அது. சொல்லுக்கு ஸ்வீடிஷில் பூனைகள் என்று பொருள். ஐரோப்பிய ஜாஸின் சிகரங்களில் ஒன்று என்று இன்று கொண்டாடப்படும் தட்டில் ஒரு சினிமா மெட்டு உரிமையோடு உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்றான 'ஸ்வான்டெடிக்' இன்னும் உரமான சான்று. ஸ்வீடன் கவிஞர் ஸ்வான்டே ஃபோர்ஸ்டரின் பெயரிலிருந்து பிறந்த தலைப்பு. சிறு சொற்றொடர் ஒன்று வரும், நிற்கும், மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் அதே சுரங்கள்தான், ஆனால் கனம் ஏறிக்கொண்டே போகும். கேமரா ஒரு முகத்தைவிட்டு அகலாமல் நிற்பதைப் போன்ற வேலை இது. அந்த இறுக்கத்துக்குள்ளேதான் இருபத்து மூன்று வயது தோமாஷ் ஸ்டான்கோவின் டிரம்பெட்டும் நமிஸ்வோவ்ஸ்கியின் ஆல்டோ சாக்ஸபோனும் கட்டறுத்துப் பாய்கின்றன. பாஸ் வாசித்த குந்தர் லென்ஸ் மேற்கு ஜெர்மானியர், டிரம்ஸ் வாசித்த ரூனே கார்ல்சன் ஸ்வீடன்காரர். பெர்லின் சுவர் எழும்பி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலத்தில் வார்சாவில் இந்த ஐவர் கூடியதே எனக்குப் பெரிய செய்தி.

எதிர்வாதம் இருக்கிறது. கொமெடா விரல்வித்தைக்காரர் அல்லர், அமெரிக்கப் பியானோ மேதைகளுக்குப் பக்கத்தில் நிற்கமாட்டார் என்பார்கள். விரல் வேகத்தில் நிற்கமாட்டார்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தட்டில் அவர் பியானோ ஒரு போட்டியாளராக வரவில்லை. மற்ற நால்வருக்கும் தரை விரிக்கிறது. தன்னைக் குறைத்துக்கொண்டு மொத்தத்தையும் ஆளுவது படத்துக்கு எழுதியவருக்கே கைவரும். படங்கள் இல்லாதிருந்தால் இன்னும் பத்துத் தட்டு கிடைத்திருக்கும் என்று இன்னொரு வாதம். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்டாலின் காலத்தில் ஜாஸைத் தலைமறைவாக வாசிக்கவைத்த நாடு அது. பின்னாளிலும் இசைத்தட்டு அரசு நிறுவனத்தின் கையில். எத்தனை ஜாஸ் தட்டு வெளிவரும் என்பதை முடிவு செய்தவர்கள் அதிகாரிகள். பழி போடவேண்டுமானால் அங்கே போடலாம். கொமெடாவுக்குச் சோறு போட்டதும், கோபன்ஹேகன்வரை கதவு திறந்ததும் சினிமா.

1968இல் வந்த 'ரோஸ்மேரிஸ் பேபி' தாலாட்டும் இதே கைதான். மியா ஃபாரோ வார்த்தையே இல்லாமல் 'லா லா' என்று முனகுகிறார். நம் காதுக்குத் திஸ்ர நடையாகக் கேட்கும் மென்மையான வால்ட்ஸ். சில சுரங்கள், திரும்பத் திரும்ப. குழந்தையைத் தூங்கவைக்கும் அதே மெட்டு கேட்பவருக்கு முதுகுத்தண்டைச் சில்லிடவைக்கிறது. 'ஸ்வான்டெடிக்'கை அடுத்து இதைக் கேட்டால் இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் தலையில் பட்ட காயம், நினைவு திரும்பாமலே வார்சாவுக்குக் கொண்டுவரப்பட்டது, முப்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்பாக 1969 ஏப்ரல் 23 அன்று இறந்தது எல்லாம் அடுத்த இதழுக்கு. உடன் இருந்த எழுத்தாளர் மாரெக் ஹ்வாஸ்கோவை அந்த இரவின் வில்லனாக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்கான காரணங்களையும் அங்கேயே வைக்கிறேன்.