தர்மப் பேரேடு

பரோபகார ஸ்தாபனங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஸ்தாபனங்களைச் சேர்ந்தவர்கள்தாம். ஸ்தாபகரின் உருவப்படம், அஸ்திவாரக் கல், ஆண்டறிக்கைகள், இவை போதும் அவர்களுக்கு. அந்த ஸ்தாபனம் கப்பலேற்றி அனுப்பிய ஒரு குழந்தையின் பேத்தி அதே காகிதங்களுக்கு முன் வந்து உட்காரும்போது கேள்வி வேறாகிவிடுகிறது. ஜேன் மெக்கேப் என்ற நியூசிலாந்துச் சரித்திர ஆய்வாளரின் பாட்டி 1921-ல் டனீடின் நகருக்கு வந்து சேர்ந்தவர். அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்துரை ஒருவருக்குப் பிறந்தவர். வங்காளத்து மலைநகரமான காலிம்போங்கிலிருந்து அனுப்பப்பட்டவர். வீட்டில் இது பேசப்படாத விஷயம். பேத்தி அந்த மௌனத்தின் காரணத்தைத் தேடிப்போய், அவரைப் போன்ற மற்றவர்களையும் கண்டுபிடித்து, 2017-ல் ஒரு நூலாக எழுதினார்.

காலிம்போங் இல்லத்தைத் தொடங்கியவர் ஜான் ஆண்டர்சன் கிரகாம், ஸ்காட்லாந்துச் சபையின் மிஷனரி. 1889-ல் மலைக்கு வந்தவர், தோட்டங்களுக்குள் போய்வந்தபோது துரைமார் பங்களாக்களின் பின்கட்டில் வெள்ளைத் தோல் குழந்தைகளைப் பார்த்தார். பார்த்தும் பார்க்காததுபோல் போவதுதான் அன்றைய நாகரிகம். கிரகாம் அப்படிப் போகவில்லை; அந்த அளவுக்கு அவர் மற்றவர்களைவிட நேர்மையானவர். 1900-ல் ஆறு குழந்தைகளோடு தொடங்கிய இல்லத்துக்கு 'ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் கலோனியல் ஹோம்ஸ்' என்று பெயர். 'கலோனியல்' என்ற சொல் அலங்காரமல்ல. குழந்தைகளை இந்தியாவிலிருந்து அகற்றி, பேரரசின் வெள்ளைக் காலனிகளில் உழைப்பாளிகளாக்குவது என்ற திட்டம் அந்தப் பெயரிலேயே இருந்தது. 1908 தொடங்கி 1938 வரை சுமார் 130 பேர் நியூசிலாந்துக்குப் போனார்கள். பையன்கள் பண்ணைகளுக்கு, பெண்கள் வீட்டு வேலைக்கு. பிரிட்டனின் தர்ம ஸ்தாபனங்கள் 1869-லிருந்து கனடாவுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை அனுப்பியிருப்பதோடு ஒப்பிட்டால் சின்ன எண்தான். அந்தப் பெரிய கணக்குக்காக ஆஸ்திரேலியப் பிரதமர் 2009-லும் பிரிட்டிஷ் பிரதமர் 2010-லும் மன்னிப்புக் கேட்டார்கள். அவை பிரிட்டனிலிருந்து போன குழந்தைகளைப் பற்றிய மன்னிப்புகள்.

காலிம்போங் கோப்புகளில் இருப்பவை தகப்பனின் கடிதங்கள், அவர் கட்டிய தொகை, குழந்தையின் உடல்நிலை, நியூசிலாந்திலிருந்து வந்த கடிதங்கள். தாய்? பல கோப்புகளில் அவள் ஒரு இனப்பெயர் மட்டும்: லெப்சா, நேபாளி, கூலிப் பெண். அவளிடமிருந்து குழந்தையைப் பிரிப்பது திட்டத்தின் பக்கவிளைவு அல்ல, திட்டமே அதுதான். குழந்தை ஐரோப்பியனாக வளர வேண்டுமானால் அவள் இல்லாமல் போக வேண்டும். வரவு ஓரிடத்தில் விழுந்தால் பற்று இன்னோரிடத்தில் விழுந்தே தீரும் என்பது வங்கிக் குமாஸ்தாவின் பாலபாடம். இல்லத்தின் கணக்கில் 130 குழந்தைகள் வரவு. யார் பற்றில் எழுதினார்கள் என்று கேட்டால் பேரேட்டில் அந்தப் பக்கமே இல்லை. தோட்டத்துரை பங்களாவுக்கும் கூலி லயத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்பதை நம் மொழியில் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் எழுதியிருக்கிறார். சரித்திரக்காரர்களுக்கு முன்னால் கதைக்காரன் அங்கே போயிருக்கிறான் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

இதை மலைநாட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. பூந்தமல்லியில் கம்பெனி காலத்திலிருந்து ராணுவக் குடியிருப்பு இருந்தது. கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைச் சிப்பாய்களைச் சேர்க்கும் டெப்போ அது. உடம்பு கெட்டு ஊர் திரும்பக் காத்திருந்தவர்களும் அங்கே தங்கினார்கள். சிப்பாய் வருவான், போவான். அவனோடு வாழ்ந்த பெண்ணும் பிள்ளையும் இங்கேயே இருப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான் சென்னையில் ராணுவ அநாதை விடுதிகள் ஏற்பட்டன. எழும்பூரில் 1789-ல் தொடங்கிய ஆண்பிள்ளைகள் விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரி மேற்பார்வையாளர். 'அநாதை' என்ற சொல்லுக்கு அங்கே விசேஷ அர்த்தம் உண்டு. பல பிள்ளைகளுக்குத் தாய் உயிரோடு இருந்தாள். அந்தத் தாயின் பழக்கவழக்கங்களிலிருந்து பிள்ளையை விடுவிப்பதே விடுதியின் வேலை என்பதில் பெல்லுக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இந்தப் பிள்ளைகள் கப்பலேறவில்லை. தாய் இந்தியப் பெண்ணாக இருந்தால் கல்கத்தா விடுதிப் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பக்கூடாதென்று கம்பெனி 1786-லேயே உத்தரவு போட்டிருந்தது. கப்பலேறியது ஒரு கல்விமுறை. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதுவதையும், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பெல் பார்த்துத் தன் விடுதியில் புகுத்தினார். 1796-ல் ஊர் திரும்பி, மறு வருஷம் அதைப் புத்தகமாக்கினார். இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது 'மெட்ராஸ் முறை' என்று பரவியது. தாயின் ஊர்ப் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளலாம், தாயைத்தான் கூடாது.

இதே சென்னைத் துறைமுகத்திலிருந்து தர்மத்தின் பெயரே சொல்லாமல் ஆள் ஏற்றிய கப்பல்களின் காகிதங்களை இப்போது பார்க்க வேண்டும். 'ட்ரூரோ' 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை 1,52,184 பேர் இப்படி நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. தாய்க்கென்று கட்டம் இல்லை என்பது உண்மை. ஆனால் தாய் கூடவே வந்திருந்தால் அவளுக்கும் ஓர் எண் உண்டு, ஒரு வரி உண்டு; குழந்தை பெரும்பாலும் அவளுக்குப் பக்கத்து வரியில் இருக்கும்.

தழும்பைக் குறித்துக்கொண்டது அன்பினால் அல்ல, ஓடிப்போனால் பிடிப்பதற்கு. இருந்தும் செங்கல்பட்டு, வட ஆற்காடு ஜில்லாக்களின் கிராமங்களைத் தேடி, எழுத்து சிதைந்த ஊர்ப்பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் இன்று வந்து நிற்க முடிகிறதென்றால் அந்தப் பட்டியலால்தான். அவர்களில் சிலருக்குக் கிராமம் கிடைக்கிறது. காலிம்போங்கின் பேத்திக்குத் தோட்டத்தின் பெயர் கிடைக்கிறது, துரையின் பெயர் கிடைக்கிறது, ஸ்காட்லாந்திலோ இங்கிலாந்திலோ துரையின் வம்சாவளி முழுதும் கிடைக்கிறது. லயத்தின் பக்கம் திரும்பினால் இருட்டு. கூலி வியாபாரி தன் சரக்கை அடையாளம் காணும்படி வைத்திருந்தான். தர்மவான் அடையாளத்தைத் துடைப்பதையே தர்மமாக நினைத்தான். இரண்டில் எது கொடுமை என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம். பேரன் பேத்திகளுக்கு எது எதை மிச்சம் வைத்தது என்பதே என் கேள்வி.

கேள்வி பழசாகிவிடவும் இல்லை. சென்னையில் மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற தத்து நிறுவனம் 1991-க்கும் 2003-க்கும் இடையில் குறைந்தது 165 குழந்தைகளை அமெரிக்கா, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்கு அனுப்பியதாகப் போலீஸ் ஆவணங்கள் கூறின. அவர்களில் சிலர் வடசென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து திருடப்பட்டவர்கள் என்ற குற்றச்சாட்டு 2005-ல் வெளிவந்தது. பின்னர் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. காலிம்போங்கில் தாயின் இடம் காலியாக இருந்தது. இங்கே, குற்றச்சாட்டு சரியென்றால், அந்த இடத்தில் வேறொருத்தியை நிறுத்திக் குழந்தையை ஒப்படைக்கும் பத்திரம் எழுதியிருக்கிறார்கள். வெற்றிடத்தைப் பார்க்கிறவனுக்கு ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்றாவது தெரியும். பூர்த்தி செய்த படிவத்தை யார் சந்தேகிப்பார்கள்?

அந்தக் குழந்தைகள் இப்போது முப்பதை ஒட்டியவர்கள். இனி அவர்களுக்கும் பிள்ளைகள் பிறக்கும், பேரன் பேத்திகள் பிறப்பார்கள். தத்தெடுக்கப்பட்டவர் தன் வேரைத் தேடலாம் என்று நம் 2022-ம் வருஷத்துத் தத்தெடுப்பு ஒழுங்குவிதிகள் அனுமதிக்கின்றன. பெற்ற தாயின் அந்தரங்கத்தை அது மீறக்கூடாது என்கின்றன, அது நியாயம்தான். மூன்றாம் நபருக்கு அந்தத் தேடலை அனுமதிக்கக்கூடாது என்றும் சொல்கின்றன. குழந்தை வியாபாரத்தைத் தோண்டும் தரகர்களையும் பத்திரிகைக்காரர்களையும் மனதில் வைத்து எழுதிய விதியாக இருக்கலாம். ஆனால் பேத்தி என்பவள் மூன்றாம் நபரா, இல்லையா? விதியில் அதற்கு விளக்கம் இல்லை. பாட்டி இறந்த பிறகு கோப்பைக் கேட்டு வந்த ஜேன் மெக்கேப், காலிம்போங்குக்குப் பதிலாகச் சென்னையில் ஓர் அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தால், உள்ளே இருக்கும் குமாஸ்தா இந்த விதியைத்தான் படித்துக் காட்டுவார்.