பிணை யாருக்கு, சுமை யாருக்கு?

1849 ஆகஸ்ட் 17 அன்று கிழக்கிந்தியக் கம்பெனி, இரு ரயில்வே நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒன்று ஈஸ்ட் இந்தியன் ரயில்வே. மற்றொன்று கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே. முதலைத் தனியார் திரட்ட வேண்டும். நிலத்தை அரசு இலவசமாகத் தரும். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வருவாய் கிட்டாவிடில், குறையும் தொகையை இந்திய அரசின் வருவாயிலிருந்து ஈடுசெய்யும்.

வளர்ச்சி நிதியிலும் காலநிலை நிதியிலும் புதிய கருவியாக இன்று முன்வைக்கப்படும் 'உத்தரவாதம்' இந்நாட்டுக்குப் புதியதன்று.

அதனால் விளைந்த நன்மையை மறுக்க இயலாது. அறியாத நாட்டில் முதலிட அஞ்சிய பிரிட்டானியர் துணிந்து பணம் போட்டனர். 1853-இல் பம்பாயிலிருந்து தாணேவுக்கும், 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கும் ரயில் ஓடியது.

ஆயினும் அதே ஒப்பந்தம் சிக்கனத்துக்கான தூண்டுதலை அழித்தது. எவ்வளவு செலவிட்டாலும் அதற்கு 5 விழுக்காடு உறுதி என்றால், செலவைக் குறைக்க எந்த நிறுவனம் முனையும்? வட்டியோ லண்டனில் பவுனில் கொடுக்கப்பட்டது. 1870களில் வெள்ளியின் விலை சரிந்து ரூபாய் மதிப்பிழந்தபோது, அதே வட்டிக்கு மேலும் அதிக ரூபாய் தேவைப்பட்டது. அச்சுமையை ஏற்றது நிலவரி செலுத்திய உழவனும் உப்புவரி செலுத்திய ஏழையுமே. 1876–78 பெரும் பஞ்சத்திலும் தவணை நிற்கவில்லை. தாதாபாய் நவ்ரோஜியும் ரமேஷ் சந்திர தத்தும் இம்முறையைக் கண்டித்ததன் காரணம் இதுவே. 1869 அளவில் அரசே இம்முறையின் செலவை உணர்ந்து, நேரடியாக இருப்புப்பாதை அமைக்கும் கொள்கைக்கு மாறியது.

விடுதலைக்குப் பின்னும் இவ்வடிவம் திரும்பியது. மகாராஷ்டிரத்தின் தாபோல் மின்நிலையத்தில் என்ரான் முதலிட்டபோது, மாநில மின்வாரியம் பணம் தரத் தவறினால் மாநில அரசும், அதுவும் தவறினால் மத்திய அரசும் தருவதாக உறுதி அளிக்கப்பட்டது. கட்டணம் டாலர் மதிப்போடு பிணைக்கப்பட்டிருந்தது. 2001-இல் வாரியம் பணம் செலுத்த இயலாமல் தடுமாற, மத்திய அரசின் உத்தரவாதம் கோரப்பட்டது. அவ்வாண்டே நிலையம் நின்றது.

உலக வங்கி 2030-க்குள் தன் குழுமத்தின் உத்தரவாதங்களை ஆண்டுக்கு 2,000 கோடி டாலராக உயர்த்த இலக்கு வைத்துள்ளது. சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் முதல் தேவை என்பதில் ஐயமில்லை. அன்றைய பிணையைத் தந்தது இந்திய அரசு. உலக வங்கியின் பிணையில் இடரின் ஒரு பகுதியைப் பன்னாட்டு நிறுவனம் ஏற்கிறது. இவ்வேறுபாடு முக்கியமானது. எனினும் பல உத்தரவாதங்களுக்குக் கடன்பெறும் நாட்டின் அரசு எதிர்-உறுதி தர வேண்டியிருக்கிறது. அங்கு சுமை மீண்டும் அந்நாட்டு மக்களிடமே வந்து சேரும்.

தமிழில் 'பிணை' என்பதற்கு ஈடு என்றும் கட்டு என்றும் பொருளுண்டு. உத்தரவாதம், பணம் கோரப்படும் நாள்வரை செலவுக் கணக்கில் ஏறுவதில்லை. ஆகவே எளிதில் கையெழுத்தாகிறது. இழப்பின் உச்சவரம்பு எவ்வளவு, எந்த நாணயத்தில் செலுத்துவது, செலவு மிகுந்தால் முதலீட்டாளர் எவ்வளவு ஏற்பார் என்னும் மூன்றும் கையெழுத்துக்கு முன்பே மக்கள் மன்றத்தில் வெளிப்பட வேண்டும். 1849-இல் அவற்றைக் கேட்கும் உரிமை, பணம் கட்டியவர்களுக்கு இருக்கவில்லை.