தொழுகையின் ஆரம்பப் பிரார்த்தனை

இஸ்லாமியத் தொழுகையில், முதல் தக்பீர் (‘அல்லாஹு அக்பர்’) சொல்லிக் கைகட்டிய பின்னர், குர்ஆனின் முதல் அத்தியாயமாகிய அல்ஹம்து சூராவைத் தொடங்குவதற்கு முன்னர், தொழுபவர் தம் செவிக்கு மட்டும் கேட்கும்படி மெல்ல ஓதுகின்ற துதியும் வேண்டுதலும் ஆரம்பப் பிரார்த்தனை எனப்படும். அரபு நூல்கள் இதனை ‘துஆவுல் இஃப்திதாஹ்’ என வழங்கும். தமிழகத்துக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் வாழும் ஷாபிஈ மத்ஹபினர் (சட்டநெறியினர்), தாம் ஓதும் வாசகத்தின் முதற்சொல்லைக் கொண்டு இதனை ‘வஜ்ஜஹ்து’ என்பர். ராவுத்தர் முதலிய ஹனஃபி மத்ஹபினர் ‘ஸனா’ என்பர். இது சுன்னத்தேயன்றி (விரும்பத்தக்கதேயன்றி)ப் பர்ளு (கட்டாயக் கடமை) அன்று. ஆகையால் மறந்து விட்டவரின் தொழுகை பங்கப்படுவதில்லை.

இதைப் பற்றிய அபிப்பிராய பேதங்கள் அனைத்தும் ஒரே சஃப்பில் (தொழுகை வரிசையில்) அருகருகே நிற்கும் நகரங்களுள் கனடாவின் மொன்றியல் ஒன்று. 1952ஆம் ஆண்டிலேயே மக்கில் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பெற்ற இந்நகரில், 1965இல் சேன் லோரான் பகுதியில் கியூபெக் இஸ்லாமிய நிலையம் தோன்றிற்று; அம்மாகாணத்தின் மிகப் பழைய பள்ளிவாசல் அதுவே. பிரெஞ்சு மொழியின் உறவினால் அல்ஜீரியா, மொரோக்கோ, துனீசியா ஆகிய நாடுகளிலிருந்து பெருந்திரளான மக்கள் பின்னர் வந்து குடியேறினர். 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கியூபெக்கின் முஸ்லிம்கள் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள்.

வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இவர்களிற் பெரும்பாலோர் இமாம் மாலிக்கின் (மறைவு 795) வழியைப் பின்பற்றுவோர். நபிகள் நாயகமும் அபூபக்கர், உமர் ஆகியோரும் அல்ஹம்துவைக் கொண்டே ஓதலைத் தொடங்கினர் என்னும் நபித்தோழர் அனஸ் அவர்களின் அறிவிப்பை ஆதாரமாகக் கொண்டு, பர்ளான தொழுகையில் ஆரம்பப் பிரார்த்தனை வேண்டுவதில்லை என்பது அம்மத்ஹபின் பிரசித்தமான முடிவு. எனவே, பாகிஸ்தானியரோ தமிழரோ தக்பீருக்குப் பின் உதடசைத்து நிற்கும் அக்கணத்தில் பக்கத்திலுள்ள அல்ஜீரியர் நேரே அல்ஹம்துவுக்குச் சென்றுவிடுவார். அதைக் கண்டு, அவர் எதையோ விட்டுவிட்டார் என்று குறை கூறுதல் அறியாமையேயாகும்.

வஜ்ஜஹ்து, அலீ அவர்களின் வாயிலாக இமாம் முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பில் இடம்பெற்றது. வானங்களையும் பூமியையும் படைத்தவன்பால் என் முகத்தைத் திருப்பினேன் என்னும் கருத்துடைய அதன் தொடக்கம், குர்ஆனின் ஆறாம் அத்தியாயத்தில் 79ஆம் வசனமாக வரும் இப்ராஹீம் நபியின் கூற்றை அடியொற்றியது. காயல்பட்டினத்தில் மேற்கு நோக்கி நின்று இதனை ஓதியவர், பூகோளத்தின் வளைவினால் மக்காவுக்குரிய மிகக் குறுகிய வழி அட்லாண்டிக் சமுத்திரத்தின் வடபுறமாகச் செல்வதால், மொன்றியலில் வடகிழக்கு நோக்கி நிற்கிறார். திசை மாறினும் வாசகத்தில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. இறைவனின் தூய்மையையும் பெயரின் மகிமையையும் போற்றும் ஸனாவோ மிகச் சுருக்கமானது. கலீபா உமர் பிறர் கற்றுக்கொள்ளும் பொருட்டு இதனை உரத்து ஓதியதாகக் கூறுவர். ஹன்பலி மத்ஹபினரும் இதனையே விரும்புவர்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது அதுவே. தக்பீருக்கும் ஓதலுக்கும் இடையிலான மௌனத்தில் தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று நபித்தோழர் அபூஹுரைரா கேட்க, நபிகள் நாயகம் கற்பித்ததாகப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்த பிரார்த்தனை அது. கிழக்குக்கும் மேற்குக்கும் உள்ள தூரத்தைப் போலத் தம்மைப் பாவங்களினின்று விலக்கவும், வெள்ளாடையை அழுக்கு நீங்கச் செய்வதுபோலத் தூய்மையாக்கவும், நீராலும் உறைபனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவவும் அதில் வேண்டப்படுகிறது. வெப்பம் மிகுந்த ஹிஜாஸில் பிறந்த இவ்வேண்டுதலைக் கீழக்கரையில் ஓதும் சிறுவன் பனியைக் கண்டறியான். ஈழத்தமிழர் பலர் குடியேறிய மொன்றியலின் கோட் டெ நேஜ் பகுதிக்கோ பெயரே ‘பனி மேட்டுச்சரிவு’ என்று பொருள்படும். அங்கு மாதக்கணக்காகப் பனி மூடிய தெருவைக் கடந்து பள்ளிக்கு வரும் சிறுவனுக்கு இவ்வுவமையை விளக்க ஆசிரியர் வேண்டுவதில்லை.

இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையைச் சுருக்கமாக நிறைவேற்ற வேண்டுமாதலால், அதில் ஷாபிஈகள் ஆரம்பப் பிரார்த்தனையை ஓதுவதில்லை. ஹனஃபிகள் ஸனா ஓதுவர். ஜமாஅத்துக்குப் பிந்தி வந்து, இமாம் ருகூஉவில் குனிந்திருப்பதைக் கண்டு, அந்த ரக்அத்து (தொழுகைச் சுற்று) தவறிவிடுமோ என்று அஞ்சுபவர், எம்மத்ஹபினராயினும், இப்பிரார்த்தனைக்காகத் தாமதிக்காமல் தக்பீர் சொல்லி உடனே இமாமுடன் சேர்ந்துகொள்ள வேண்டும்.