சேர்வராயன் மலையில் கட்டங்களும் கெழுக்களும்

சேலத்துக்கு வடக்கே எழும் சேர்வராயன் மலைத்தொடரும் அதன் மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஏற்காடும் காப்பிக்காகவும் கோடை வாசத்துக்காகவும் பேசப்பட்ட அளவுக்கு, மனிதர்கள் வகை பிரித்து எண்ணப்பட்ட நிலமாகப் பேசப்பட்டதில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்த பின், மலையின் பழங்குடிகளோடு தோட்ட முதலாளிகளும் சமவெளியிலிருந்து ஏறிவந்த கூலிகளும் சேர்ந்து வாழத் தொடங்கினர். யார் எந்த வகையினர் என்ற கேள்வி அதன்பின் நிர்வாகத்துக்குத் தவிர்க்க முடியாததாயிற்று. அந்தப் பழங்குடிகள், காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்ததாக மரபுக் கதை சொல்லும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மலையாளிகள். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்வது இன்றுவரை ஓயாத பிழை.

சாதி, மதம், தாய்மொழி, எழுத்தறிவு ஆகியவை எடையையும் உயரத்தையும் போல அளந்து சொல்லக்கூடியவை அல்ல. பெயரிட்டுப் பிரிக்க மட்டுமே இயலும் இத்தகைய பண்புகளைப் புள்ளியியலார் வகை மாறிகள் என்பர். 1871இல் சென்னை மாகாணத்தில் நடந்து, டபிள்யூ. ஆர். கார்னிஷ் அறிக்கை எழுதிய குடிக்கணக்கு இப்பண்புகளை ஊர் ஊராகத் திரட்டியது. 1901இல் புகுத்தப்பட்ட சீட்டு முறையில், ஆளுக்கொரு சிறு தாள் எழுதப்பட்டது. தாளின் நிறம் மதத்தையும் அதில் அச்சிட்ட குறி பாலையும் மணநிலையையும் காட்ட, எழுத்தர்கள் அவற்றைப் பிரித்துப் பிரித்து மரப்பெட்டியின் அறைகளில் இட்டு எண்ணினர். இரு பண்புகளை ஒன்றுக்கொன்று குறுக்கே நிறுத்தி எண்ணும் இருவழி அட்டவணை, மென்பொருளுக்கு நெடுங்காலம் முன்பே, இந்த அறைகளில் கையால் செய்யப்பட்டுவந்தது.

ஆனால் அட்டவணை தொடர்பைக் காட்டுமே தவிர அதன் வலிமையைச் சொல்லாது. அதற்கான கருவிகள் 1900இல் இங்கிலாந்தில் ஒரே ஆண்டில் பிறந்தன: கார்ல் பியர்சன் கை-வர்க்கச் சோதனையையும், உட்னி யூல் தம் தொடர்புக் கெழுவையும் வெளியிட்டனர். கற்பித்துக்கொண்ட எண்களால் இதை விளக்கலாம். மலைச் சிற்றூர்களில் 100 பேர், தோட்டக் குடியிருப்புகளில் 100 பேர் என எடுத்துக்கொண்டு, முன்னவருள் 40 பேரும் பின்னவருள் 60 பேரும் பள்ளி சென்றவர்கள் எனக் கொண்டால், இடத்துக்கும் படிப்புக்கும் தொடர்பே இல்லாத நிலையில் அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் 50 இருக்க வேண்டும். உண்மை எண்ணுக்கும் இந்த எதிர்பார்ப்பு எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கமாக்கி, எதிர்பார்ப்பு எண்ணால் வகுத்து, நான்கு கட்டங்களுக்கும் கூட்டினால் கை-வர்க்கம் 8 ஆகும். மக்கள் தொகையைப் பத்து மடங்காக்கினால் அது 80 ஆகிவிடும் என்பதால், அதனைக் கொண்டு தொடர்பின் வலிமையை மதிப்பிட முடியாது. மொத்த எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் கிடைக்கும் ஃபை என்ற அளவு இரு நிலையிலும் 0.2 ஆகவே நிற்கும். பல வரிசைகளுள்ள அட்டவணைகளுக்கு இதனை ஹெரால்டு கிராமர் 1946இல் விரிவாக்கினார். அதே அட்டவணைக்கு யூலின் கெழுவோ சுமார் 0.38 தருகிறது.

தொடர்பை அளக்கும் சரியான வழி எது என்ற கேள்வியில் பியர்சனும் யூலும் கசப்புடன் மோதினர். வகைகளுக்கு அடியில் தொடர்ச்சியான ஓர் அளவு மறைந்திருப்பதாகப் பியர்சன் கொள்ள, அம்மையால் இறந்தவர் அனைவரும் ஒரே அளவில் இறந்தவர்களே என்று யூல் வாதிட்டார். சாவுக்கு யூலின் வாதம் பொருந்தும். எழுத்தறிவுக்கும் பழங்குடித் தன்மைக்கும் அது அத்தனை எளிதாகப் பொருந்துமா என்பது ஐயமே.

கணிப்பொறி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1955இல் நாட்டின் முதல் மின்னணு இலக்கமுறைக் கணிப்பொறி நிறுவப்பட்டது. சமூக ஆய்வாளருக்கென எஸ்.பி.எஸ்.எஸ். என்ற மென்பொருள் 1968இல் உருவாயிற்று, விலையின்றிக் கிடைக்கும் ஆர் மென்பொருள் 1990களில் ஆக்லாந்தில் தோன்றியது. இன்று ஒற்றைக் கட்டளைக்கு இவை கை-வர்க்கம், ஃபை, கிராமரின் அளவு அனைத்தையும் அடுக்கித் தருகின்றன. எதிர்பார்ப்பு எண் ஐந்துக்குக் குறைந்தால் சில கட்டளைகள் எச்சரிக்கவும் செய்கின்றன. சில வீடுகளே கொண்ட மலைச் சிற்றூர்களுக்கு இந்த எச்சரிக்கை அடிக்கடி பொருந்தும் என்பதால், அங்கே ஃபிஷரின் துல்லியச் சோதனையை நாடுவதே முறை.

எந்த எச்சரிக்கையும் எழாத இடம் ஒன்று உண்டு. அது வரிசைக்குப் பெயரிடும் இடம். அட்டவணைப் பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும் உரியதாக எழுதப்பட்டுள்ளது. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருக்க, முன்பு கோவையைச் சேர்ந்திருந்த ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலை மலையாளிகள் பட்டியலுக்கு வெளியே நின்று உரிமை கேட்டுவருகின்றனர். சேலம், ஈரோடு ஆகிய இரு மாவட்டங்களையும் சேர்த்துப் பழங்குடி நிலைக்கும் பள்ளிப் படிப்புக்கும் உள்ள தொடர்பை ஒருவர் கணக்கிட்டால், பர்கூர்க்காரர் ‘பிறர்’ என்ற வரிசையில் விழுவர். அவர்களுடைய நிலை ஏற்காட்டாரின் நிலையை ஒத்திருந்தால் இரு வரிசைகளின் வேறுபாடு மங்கிக் கெழு சிறுத்துவிடும். அப்போது வெளிவரும் எண்ணில் மலைமக்களின் வாழ்க்கையோடு மாவட்ட எல்லையும் கலந்தே இருக்கும். ஆய்வாளர் பட்டியல் நிலையையும் சமூகத்தையும் இரண்டு தனி மாறிகளாகப் பதிந்து வைத்திருந்தாலன்றி வாழ்க்கையின் பங்கையும் எல்லையின் பங்கையும் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது.