காவிரியை நெறிப்படுத்திய அணைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு யாதும் இல்லை. மாரியிற் பெருகும் வழுக்கியாறும் கோடையில் வறண்டுவிடும்; குருநகரின் கரையைத் தழுவுவதோ ஆழமற்ற கடனீரேரி. ஆதலின், கரையைக் காத்துப் படுகையை ஆழமாக்கும் கலை தமிழ்நிலத்தில் எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிய விழைவோர் காவிரியையே நோக்குதல் வேண்டும்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரி என்னும் பெயரோடே தஞ்சை வயல்களை நாடும். வடகிளையாகிய கொள்ளிடம் திருவரங்கத் தீவைக் கடந்து கடலை நோக்கி விரையும். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, சரிவு மிக்கது. எனவே நீர் அப்பக்கமே சாயும். நீர் குன்றிய காவிரியில் வேகமும் குன்றும்; வேகம் குன்றவே வண்டல் படியும்; வண்டல் படியப் படுகை மேலும் உயரும்.

தீவின் கீழ்முனையில், காவிரி நீர் கொள்ளிடத்துள் வழிந்தோடாதவாறு தடுத்து நிற்பது கல்லணை. அதனைக் கட்டியவன் கரிகாற்சோழன் என்பது மரபு. ஏறத்தாழ 1,080 அடி நீளமுடைய அவ்வணை, ஆழங்காணாத மணலிற் பெருங்கற்களை இட்டு, அவை தாமே அமிழ்ந்து நிலைபெற்ற பின் மேலும் கல்லடுக்கி எழுப்பப்பட்டது. மணலிற் கடைகாலிடும் முறையை அப்பழையோரிடமே கற்றதாக ஆங்கிலப் பொறியியலாளர் ஆதர் கொற்றன் எழுதினார்.

ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் காவிரிப் படுகை மேடிட்டு, தஞ்சைக் கழனிகள் நீரின்றி வாடின. 1830 அளவிற் கல்லணையில் மணற்போக்கிகள் அமைக்கப்பட்டன. 1836இல் முக்கொம்பிற் கொள்ளிடத்தின் குறுக்கே கொற்றன் மேலணையை எழுப்பினார். காவிரி விரைந்தோடித் தன் படுகையைத் தானே அகழ்ந்தது. ஆனால் மருந்து மிகையாயிற்று, படுகை அளவிறந்து ஆழ்ந்தது, கரைகள் அரிப்புண்டன. 1843இல் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தவும், 1845இற் காவிரித் தலைப்பிற் குறுக்குச் சுவர் அமைத்துப் படுகையைக் காக்கவும் நேர்ந்தது. பிற்காலத்தில் மேலணையிற் பொருத்தப்பட்ட கதவுகளுள் ஒன்பது 2018 ஓகஸ்ட் 22இல் வெள்ளத்தால் வீழ்ந்தன. புதியதோர் அணை கட்ட வேண்டியதாயிற்று.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. ஆற்றை நெறிப்படுத்தும் பணி ஒரு நாளில் முடிவதன்று. ஓரிடத்தில் நீரின் போக்கை மாற்றினால், மற்றோரிடத்தில் மணலின் போக்கும் மாறும். குருநகர் போன்ற ஆழமற்ற கரையிற் கல்லிடுவோர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். நீர் செல்லும் வழியை முதலில் அறிந்து, பின்னரே கல்லை இடுதல் அறிவுடைமையாம்.